மேடையேறிய சட்டி மேளம்

சென்னை கிண்டியின் காந்தி மண்டப வளாகத்தில், இரட்டைமலை சீனிவாசனுக்கு ஏற்கெனவே மணிமண்டபம் அமைந்திருக்கும் அதே வளாகத்தில், அயோத்திதாசப் பண்டிதருக்குத் தமிழக அரசு எழுப்பிய மணிமண்டபம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. 1845இல் பிறந்து, 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கி, 1914இல் மறைந்த அந்த அறிஞர், தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட மக்களைச் சாதி பேதமற்ற தமிழர்கள் என்று அழைத்தவர். அந்தத் தொடரிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்ட ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் இசைக்குழு, மணிமண்டபம் திறக்கப்படுவதற்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 2018 ஜனவரி 6 அன்று, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெய்ன் பள்ளி மைதானத்தில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியிருந்தது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய, 19 பேர் கொண்ட அக்குழுவில், கானாப் பாடகர்களும் ராப் பாடகரும் கிதார், டிரம்ஸ் கலைஞர்களும், சாவு வீட்டில் முழங்கும் சட்டி, கட்ட மோளம், பறை ஆகியவற்றை வாசிப்பவர்களும் ஒரே மேடையில் நின்றனர். அவர்களுள் ஒரே பெண் பாடகி இசைவாணி.

அந்த முதல் நிகழ்ச்சியைப் பற்றியும் அதைத் தொடர்ந்து ஒலிப்பதிவாக இணையத்தில் வெளிவந்த பாடல்களைப் பற்றியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அவற்றின் பெரும்பகுதி குழுவின் துணிச்சலைப் போற்றியது அல்லது அதன் அரசியலோடு மல்லுக்கு நின்றது. சட்டியின் அடி டிரம்ஸின் அடியோடு எங்கே பொருந்துகிறது, எங்கே உரசுகிறது, கிதாருக்கு மேல் கானாக் குரல் எப்படி நிற்கிறது என்னும் கேள்விகள் அபூர்வமாகவே கேட்கப்பட்டன. ஓர் இசைக்குழுவை அதன் கருத்துக்காக மட்டும் மெச்சிவிட்டு நகர்வது, அதன் இசைக்குக் காது கொடுக்காமலிருப்பதற்கு ஒப்பாகும். ஒரு முதல் படைப்புக்கு நேரக்கூடிய பெரிய இழப்பு இதுவே என்பதால், அந்த வரவேற்பைத் திரும்பிப் பார்ப்பது அவசியமாகிறது.

இக்குழுவைப் பங்க் ராக் மரபோடு சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பங்க் ராக் என்பது 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுந்த இசை வகை; நீண்ட கிதார் வித்தைகளையும் பெருஞ்செலவிலான மேடைப் பகட்டையும் ஒதுக்கிவிட்டு, சில எளிய சுரக்கூட்டுகளையும் வேகத்தையும் உரத்த குரலையும் நேரடியான சொற்களையும் கொண்டு, இசைக் கல்வி பெறாத இளைஞர்கள் தங்கள் தெருவின் கோபத்தைப் பாடிய வகை அது. ரமோன்ஸ் குழு 1976 ஏப்ரலில் வெளியிட்ட முதல் இசைத்தட்டு 6,400 டாலர் செலவில் பதிவானது. அரை மணி நேரத்துக்குள் அதில் 14 பாடல்கள் அடங்கிவிட்டன. லண்டனின் கிளாஷ் குழு 1977 ஏப்ரலில் வெளியிட்ட முதல் இசைத்தட்டை, ஒலித்தரம் போதாது என்று கருதி, அமெரிக்காவில் வெளியிட அதன் நிறுவனமே மறுத்தது; இரண்டு ஆண்டுகள் கழித்து அங்கே அது வெளிவருவதற்குள், இறக்குமதிப் பிரதிகளே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றுவிட்டன. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் முதல் தொகுப்பு அதே 1977 அக்டோபரில் வெளிவந்தபோது, அட்டையில் அச்சிடப்பட்டிருந்த ஒரு சொல்லுக்காக நாட்டிங்ஹாம் நகர இசைத்தட்டுக் கடையின் மேலாளர் 1889ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டார். பங்கின் முதல் தட்டுகள் பத்திரிகை விமர்சனத்தோடு நின்றுவிடாமல், நிறுவனத்தின் கதவிலும் நீதிமன்றப் படியிலும் தங்கள் வரவேற்பைச் சந்தித்தன.

சென்னையில் நிலைமை வேறு. திரைப்படமும் பக்திப் பாடலும் தவிர்த்த எந்த இசைக்கும் முறையான சந்தை இல்லாத தமிழ்ச் சூழலில், புதிய குழு ஒன்று முதலில் இசைத்தட்டை வெளியிட்டு அதன் வழியே கேட்போரைத் தேடும் வழக்கம் வேரூன்றவே இல்லை. கானாப் பாடகர்கள் ஒலிநாடாக்களின் காலத்தில் தம் பாடல்களைப் பதிவு செய்து அக்கம்பக்கத்தில் விற்றதுண்டு. அவை விமர்சகர்களின் கைக்குப் போகவில்லை. எனவே காஸ்ட்லெஸ் கலெக்டிவின் உண்மையான முதல் வெளியீடு பள்ளி மைதானத்தின் மேடைதான் என்று கொள்வது பொருத்தம். அன்று கூடியோர் ஏறத்தாழ நான்காயிரம் பேர். அரங்கில் பாடியவற்றைச் செம்மைப்படுத்திப் பதிவு செய்ததும், அவை கைப்பேசிகளில் பரவியதும் அதற்குப் பின்னர் நடந்தவை.

கானா என்பது வடசென்னையின் உழைக்கும் மக்கள் குடியிருப்புகளில் வளர்ந்த பாடல் வகை. அதன் தோற்றம் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. சித்தர் பாடல்களையும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடசென்னையில் வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபு போன்ற சூஃபிகளின் பாடல்களையும், துறைமுகத் தொழிலாளர்களின் பேச்சு மொழியையும் அதன் ஊற்றுகளாக ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். அதன் ஆழமான வடிவம் மரண கானா. இறந்தவரின் வீட்டு வாசலில் இரவு முழுவதும் விழித்திருப்போருக்காக, இறந்தவரின் குணங்களையும் வாழ்க்கையின் நிலையாமையையும் சேர்த்து, பாடகர் அந்த இடத்திலேயே சொற்களைக் கட்டிப் பாடுவது. ஒலிபெருக்கி இல்லாத காலத்திலும் தெருக்கோடி வரை கேட்கும்படி தொண்டையைத் திறந்து பாட வேண்டியிருந்ததால், கானாக் குரலுக்கு ஒரு தனிக் கூர்மை வந்தது. 1990களில் இசையமைப்பாளர் தேவா அதைத் திரைக்குக் கொண்டுசென்றார். 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ கானா உலகநாதனையும், 2012இல் இரஞ்சித்தின் முதல் படமான ‘அட்டகத்தி’ சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலாவையும் தமிழகம் முழுவதும் அறியச் செய்தன. ஆயினும் திரைப்படம் கானாவிடமிருந்து பெரும்பாலும் எடுத்துக்கொண்டது கேலியையும் காதல் தோல்வியையும்தான். சாவையும் பசியையும் தெருவின் அவமானத்தையும் பாடிய பகுதி வெளியிலேயே நின்றது. காஸ்ட்லெஸ் கலெக்டிவின் முதல் பாடல்கள் கையில் எடுத்தது அந்த விடுபட்ட பகுதியை.

இனி இசைக்கு வரலாம். கானாவின் தாளம் பெரும்பாலும் ஆறு சிறு அடிகளைக் கொண்டது. அவை மும்மூன்றாகப் பிரிந்து, இரண்டு பெரிய அடிகளாக விழும். கருநாடக இசை இதைத் திஸ்ர நடை என்கிறது. சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசிப்போர் ‘சிக்ஸ் எய்ட்’ என்கிறார்கள். ராக் இசையோ நான்கு பெரிய அடிகளில், ஒவ்வோர் அடியும் இரண்டாகவோ நான்காகவோ பிளக்கும்படி நடப்பது. ஒன்று நடையில் சற்றே ஆடும். மற்றொன்று நேராகப் போகும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், மூன்றுக்கும் நான்குக்கும் பொதுவான பன்னிரண்டில்தான் அவை சந்தித்தாக வேண்டும். டிரம்ஸின் பெரிய முழவு நான்கைப் பிடித்துக்கொள்ள, சட்டியின் குச்சிகள் அதே நேரத்தில் மூன்றை நிரப்பும்போது, பாடல் நேராகவும் ஆட்டமாகவும் ஒருசேர ஒலிக்கிறது. கேட்பவரின் கால் எதைப் பின்பற்றுவது என்று ஒரு கணம் தடுமாறிப் பிறகு இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. இக்குழுவின் நல்ல பாடல்களில் உடல் எழுந்து ஆடத் துடிப்பதற்குக் காரணம் இந்தச் சேர்க்கை. வரிகளின் வேகம் அதற்கு அடுத்தபடியானது.

கருவிகளின் இயல்பும் இதில் கவனத்துக்குரியது. சட்டி என்பது பெயருக்கேற்ற வடிவில், குச்சியால் அடிக்கப்படும் சிறிய தோல்கருவி. அதன் ஓசை மிகக் குறுகியது, தெறித்து உடனே அடங்குவது. கட்ட மோளம் அதற்குக் கீழே கனத்த ஒலியைக் கொடுப்பது. பறையை வாசிக்கும் முன் வைக்கோலிலோ காகிதத்திலோ மூட்டிய தீயில் காய்ச்சுவார்கள். தோல் இறுகி ஓசை மேலேறும். பனி இறங்கினால், காய்ச்சிய தோல் மீண்டும் தளர்ந்து ஓசை மந்தமாகும். மார்கழி இரவில் திறந்தவெளி மேடையில் இத்தகைய தோல்கருவிகளை, ஒரே சுருதியில் அசையாமல் நிற்கும் மின்கிதாரின் பக்கத்தில் வைத்து வாசிப்பது எளிய காரியமாக இருக்க முடியாது. ஒலிபெருக்கியைக் கையாள்பவருக்கும் சிக்கல்தான்: தெருவில் ஊர்வலத்தின் முன்னே முழங்கிப் பழகிய கருவி, ஒலிவாங்கியின் அருகே வந்தால் குரலை விழுங்கிவிடும், அடக்கி வைத்தாலோ அதன் உயிரே போய்விடும்.

குரலுக்கும் கிதாருக்கும் உள்ள உறவில் பங்கின் பங்களிப்பு தெளிவாகத் தெரிகிறது. பங்க் கிதார் கலைஞர்கள் விரும்பிக் கையாளும் ‘பவர் கார்ட்’ என்னும் சுரக்கூட்டில், ஆதார சுரமும் அதன் பஞ்சமமும் மட்டுமே இருக்கும். அவற்றுக்கு இடையில் வரவேண்டிய காந்தாரம் இருக்காது. அதனால் அந்தக் கூட்டு மகிழ்ச்சியின் நிறத்தையோ சோகத்தின் நிறத்தையோ முன்கூட்டியே பூசிவிடுவதில்லை. கானாப் பாடகரோ காந்தாரத்தை ஒரே இடத்தில் நிறுத்தாமல், சொல்லின் உணர்ச்சிக்கேற்பச் சற்று ஏற்றியும் இறக்கியும் வழுக்கிச் செல்பவர். முழுமையான மேலைச் சுரக்கூட்டு அவர் குரலுக்கு அடியில் ஒலித்தால் ஒவ்வொரு வழுக்கலும் பிசகாகத் தோன்றும். காந்தாரமற்ற கூட்டு ஒலித்தால் குரல் தன் விருப்பப்படி உலாவலாம். ராக் இசையைக் கானாவின்மேல் ஒட்டவைத்த முயற்சி என்று இக்குழுவைச் சுருக்கிச் சொல்லியவர்கள் இதைக் கவனிக்கத் தவறினர். இங்கே பக்கவாத்தியம் ராக். முன்னே நிற்பது கானா.

இந்த வரிசை மாற்றத்தின் எடையை உணர, லண்டனின் எதிர்த்திசை எடுத்துக்காட்டு உதவும். கிளாஷ் குழு தன் முதல் தட்டில் ஜமைக்காவின் ஜூனியர் மர்வின் பாடிய ஒரு ரெகே பாடலை, அதாவது கரீபியத் தீவின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த மெல்லசைவுத் தாளப் பாடலை, தன் பாணியில் பாடியது. ரெகேவைக் கேட்டு வளர்ந்த வெள்ளை இளைஞர்கள், தங்கள் அண்டை வீட்டுக் கறுப்பின மக்களின் இசையை மதிப்போடு கடன் வாங்கினர். 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிராக நடந்த பெரும் இசை விழாவில் கிளாஷும், கறுப்பினக் குழுவான ஸ்டீல் பல்ஸும் ஒரே மேடையில் பாடியதற்கு அந்த உறவு ஒரு காரணம். சென்னையிலோ கடன் வாங்கியவர்கள் ஒடுக்கப்பட்ட இசையின் சொந்தக்காரர்களே. ஆங்கிலம் பேசும் கல்லூரிகளின் கலைவிழாக்களிலும், கிண்டிக்கு அருகே ஐ.ஐ.டி. வளாகத்தின் திறந்தவெளி அரங்கிலும், அடையாறு, நுங்கம்பாக்கம் பகுதிகளின் சிறு அரங்குகளிலும் நெடுங்காலம் புழங்கிய ராக் இசையை, அந்த அரங்குகளுக்கு அழைக்கப்படாதவர்கள் எடுத்துத் தங்கள் பாட்டுக்குத் துணையாக்கிக்கொண்டார்கள்.

நிகழ்ச்சி நடந்த மாதமும் தற்செயலானதாகத் தோன்றவில்லை. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இராயப்பேட்டையிலும் சபாக்கள் கச்சேரிகளால் நிறைந்திருக்கும் மார்கழியில், அந்தச் சபாக்கள் எவற்றிலும் இடம்பெறாத கருவிகள் கீழ்ப்பாக்கத்தில் முழங்கின. இதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குப்பத்தில் ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவைத் தொடங்கி, சபா இசையைக் கடற்கரைக்குக் கொண்டுசென்றிருந்தனர். அந்த முயற்சியின் நேர்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே வாசலைத் திறந்தவர்கள் உள்ளே இருந்தவர்கள். பெய்ன் பள்ளி மைதானத்தில் யாரும் யாருக்காகவும் வாசலைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

மேடையில் குழுவினர் கோட்டும் சூட்டும் அணிந்து நின்றது பலரால் குறிப்பிடப்பட்டது. அம்பேத்கரின் உடையை, உடுத்தும் உரிமையே மறுக்கப்பட்ட மக்களின் தன்மதிப்பு அடையாளமாகக் காட்டும் வழக்கம் தலித் இயக்கங்களில் நெடுநாளாக உண்டு. இரஞ்சித்தின் ‘கபாலி’ படமும் 2016இல் அதை வெகுமக்கள் முன் வைத்தது. பங்க் இளைஞர்கள் கிழிந்த சட்டையையும் ஊக்குகளையும் அணிந்து தங்கள் வர்க்கத்தின் ஒழுங்கை மீறினார்கள். கிழிந்த உடையைத் தேர்ந்து அணிய வேண்டிய நிலையில் இல்லாதவர்களுக்கு, மடிப்புக் கலையாத கோட்டே மீறலாக அமைந்தது.

பாடல்களின் பொருள் நகரத்தின் அன்றைய சூட்டிலிருந்து நேராக வந்தது. 2015 மே மாதத்தில் சென்னை ஐ.ஐ.டி. நிர்வாகம் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டு, நாடு தழுவிய எதிர்ப்புக்குப் பின் ஜூன் மாதத்தில் திரும்ப அளித்தது. 2017 மே மாதத்தில், மாட்டுச் சந்தைகளுக்கு ஒன்றிய அரசு கொண்டுவந்த கட்டுப்பாடுகளை எதிர்த்து அதே வளாகத்தில் மாட்டிறைச்சி உண்ணும் நிகழ்வு நடந்த பின், அதில் பங்கேற்ற ஆய்வு மாணவர் ஒருவர் தாக்கப்பட்டார். அடுத்த ஜனவரியில் மேடையேறிய குழு இடஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாடலையும், மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாடலையும், அம்பேத்கரைப் பற்றி ஒரு பாடலையும் வைத்திருந்ததில் வியப்பில்லை. இவையெல்லாம் ஒரே தரத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொருளை முதலில் தீர்மானித்துவிட்டுப் பாட்டைக் கட்டிய இடங்களில் வரிகள் துண்டறிக்கையின் தொனிக்கு இறங்குகின்றன. பாடுபவரின் சொந்தத் தெருவும் சாப்பாடும் சாவும் வரிகளுக்குள் வரும் இடங்களில், குறிப்பாகக் கானாவுக்கே உரிய எள்ளலும் எதுகையும் கைகோக்கும் இடங்களில், பாடல் தன் காலில் நிற்கிறது. குழுவின் ராப் பாடகர் அறிவு பாடும் ராப் இந்த இரண்டுக்கும் நடுவே வேலை செய்கிறது: சொற்களை அடுக்கும் வேகத்தில் வாதமும் நகர்கிறது, தாளமும் நகர்கிறது.

வரவேற்பு பல திசைகளில் போனது. ஆங்கில ஊடகங்கள் குழுவைச் சாதி எதிர்ப்பின் குரலாக உலகுக்கு அறிமுகம் செய்தன. அந்த அறிமுகம் நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. 2020இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் இசைவாணி இடம்பெற்றார். ஆண்களின் துறையாகவே இருந்த கானாவில் ஒரு பெண் குரல் பெற்ற அங்கீகாரம் அது. ஆனால் கலைஞரை இசையிலிருந்து பிரித்து அடையாளமாக மட்டும் காணும் பார்வையின் மறுபக்கமும் விரைவிலேயே தெரிந்தது. 2021 மார்ச்சில் வெளிவந்து பல கோடிப் பேர் கேட்ட ‘என்ஜாயி எஞ்சாமி’ பாடலை எழுதி, பாடகி தீயுடன் சேர்ந்து பாடிய அறிவு, அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் இல்லை; அட்டையில் இருந்தவர்கள் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும். இரஞ்சித் அதைப் பொதுவெளியில் கேள்விக்கு உட்படுத்திய பின்னர், அறிவுக்கென ஓர் இணைய அட்டையை அவ்விதழ் வெளியிட்டது.

இத்தகைய அனுபவம் கடல் கடந்த தமிழ்க் கலைஞருக்கும் நேர்ந்திருக்கிறது. ஈழத்திலிருந்து லண்டனில் குடியேறிய மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் வெளியிட்ட முதல் தொகுப்புக்குத் தன் தந்தையின் இயக்கப் பெயரான ‘அருளர்’ என்பதையே வைத்தார். அது பிரிட்டனின் மெர்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியல் வரை சென்றது. ரோலண்ட் எம்.சி. 505 என்ற ஒற்றைப் பெட்டியில் அவர் தட்டியெழுப்பிய தாளங்களை விடவும், தந்தையின் அரசியலே அன்றைய கட்டுரைகள் பலவற்றில் கூடுதல் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் எதிர்கொண்ட கடுமையான வரவேற்பு தாமதமாக வந்தது. குழுவின் தொடக்ககாலப் பாடல்களில் ஒன்றான, ஐயப்பனை விளித்துக் கோயில் நுழைவைக் கேட்கும் பாடலுக்காக, 2024 நவம்பரில், சபரிமலைக்கு மாலை போடும் பருவத்தில், இசைவாணி மீது காவல் துறையில் புகார்கள் அளிக்கப்பட்டன. மிரட்டல்களும் வசைகளும் அவரைச் சூழ்ந்தன. நீலம் பண்பாட்டு மையம் அவர் பக்கம் நின்று அறிக்கை வெளியிட்டது. பல ஆண்டுகளாக இணையத்தில் கிடந்த பாடல் திடீரென்று குற்றமானது. நாட்டிங்ஹாமில் சட்டத்தின் முன் நின்றவர் கடையின் மேலாளர். இங்கே புகாருக்கு உள்ளானவர் பாடியவரே, அதுவும் 19 பேரில் ஒரே பாடகி.

குழுவைத் தாக்கியவர்களும் அதைத் தூக்கிப் பிடித்தவர்களும் ஒருபோலப் பேசாமல் விட்டது அதன் வாத்தியக்காரர்களைப் பற்றி. தமிழ்த் திரையிசை பல பத்தாண்டுகளாகச் சாவு மேளத்தின் அடியைப் பயன்படுத்தியிருக்கிறது. பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் ஆகியோரின் பெயர்கள் தட்டின் உறையில் இருக்கும், அந்த அடியைக் கொடுத்தவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. இக்குழு தன் உறுப்பினர்களை அறிவித்தபோது முத்து, பாலச்சந்தர், இசைவாணி, அறிவு, செல்லமுத்து ஆகிய பாடகர்களோடு, சட்டிக்குத் தரணி, சரத், கட்ட மோளத்துக்குக் கௌதம், பறைக்கும் தவிலுக்கும் நந்தன் என்று, கிதார் வாசிக்கும் சாகிப் சிங், டிரம்ஸ் வாசிக்கும் மனு கிருஷ்ணன் ஆகியோருக்கு இணையாகப் பெயர் சொல்லி அறிவித்தது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ விழா அந்த வழக்கத்தை மேலும் பலருக்கு விரித்தது: ஒப்பாரி பாடுவோரும் பறை இசைப்போரும் கானாக் கலைஞர்களும் அங்கே முதன்மைக் கலைஞர்களாக மேடையேறினர். அவர்களின் வாசிப்பைக் கச்சேரி விமர்சனத்துக்கு உரிய கவனத்தோடு, அடி அடியாகக் கேட்டு எழுதும் பத்தி தமிழ் இதழ்களில் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.